காலணித் தொழிற்சாலையிலிருந்து ஹெல்சிங்கி வரை

1954ஆம் ஆண்டின் மே மாதம் ஓட்டப்பந்தய உலகில் மறக்கவொண்ணாத மாதம். அம்மாதம் 6ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் ரோஜர் பானிஸ்டர் என்ற மருத்துவ மாணவர் ஒரு மைல் தொலைவை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தார். நான்கு நிமிடத்திற்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் அவரே. அதே மாதம் 30ஆம் நாள் பாரிஸ் நகரை ஒட்டிய கொலோம்ப் மைதானத்தில், செக்கோஸ்லோவாக்கியா நாட்டு இராணுவ அதிகாரி எமில் ஜாடோபெக் 5,000 மீட்டரை 13 நிமிடம் 57.2 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அதோடு நின்றாரா? இரண்டே நாள் கழித்து, ஜூன் 1ஆம் நாள், பிரஸ்ஸல்ஸ் நகரில் 10,000 மீட்டரை 28 நிமிடம் 54.2 விநாடியில் ஓடினார். அத்தொலைவை 29 நிமிடத்திற்குள் கடந்த முதல் மனிதரும் அவரே ஆனார்.

இருவரும் அமெச்சூர்கள். பரிசுப் பணத்திற்காக ஓடாமல், வேறு கடமை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு ஓடியவர்கள். ஆனால் பழகிய முறையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பானிஸ்டர் மருத்துவமனையில் மதிய உணவு இடைவேளை கிடைக்கும்போது அருகிலுள்ள மைதானத்திற்கு ஓடிப்போய், ஒரு மணிக்கும் குறைவான நேரம் கடுமையாகப் பயின்றுவிட்டுத் திரும்பியவர். ஜாடோபெக்கோ அவ்வாண்டு காலையில் 50 முறையும் மாலையில் 50 முறையுமாக, ஒரே நாளில் 400 மீட்டரை 100 முறை ஓடிப் பார்த்தவர். குறைவாகவும் கடுமையாகவும் பயில்வதா, நிறையப் பயில்வதா? எது சரி?

இக்கேள்வி ஐரோப்பாவிற்கு மட்டும் உரியதன்று. எங்கள் அம்மாபேட்டையில் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து பாருங்கள். குமரகிரி மலையடிவாரத்திலும் உடையாப்பட்டி செல்லும் சாலையோரத்திலும் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒலிம்பிக் கனவு காண்பவர்கள் அல்லர் அவர்கள். காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடவேண்டும். அந்த ஏழு நிமிடத்தின் மறுபக்கத்தில் ஓர் அரசு வேலையும் ஒரு குடும்பத்தின் விடுதலையும் நிற்கின்றன. இவர்களுள் பலர் இரவு முழுவதும் விசைத்தறியில் நின்றுவிட்டு வந்து ஓடுபவர்கள். நிறைய ஓடினால் காற்று வரும் என்பார் ஓர் அண்ணன். வேகமாக ஓடிப் பழகாதவனுக்கு வேகம் எங்கிருந்து வரும் என்பார் இன்னோர் அண்ணன். இருவருக்கும் நடுவில் நின்று விழிப்பவர்கள் தம்பிமார். அவர்களை எண்ணியே ஜாடோபெக்கின் வாழ்க்கையை இம்மலரில் எழுத எடுத்துக்கொண்டேன். நான் வரலாறு பயிலும் மாணவன். உடற்கல்வி என் பாடமன்று. ஆனால் வழக்கு ஒன்று இருந்தால் அதன் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் துறையின் பழக்கம்.

எமில் ஜாடோபெக் 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் மொரேவியா பகுதியிலுள்ள கோப்ரிவ்னிட்சே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சுத் தொழிலாளி, வீட்டில் பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. மேற்படிப்புக்கு வழியில்லாமற் போகவே, பதினாறு வயதளவில் ஸ்லின் நகரிலிருந்த காலணித் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். அது எந்தத் தொழிற்சாலை தெரியுமா? நம் கடைவீதிகளில் எல்லாம் பெயர்ப்பலகை தொங்குகிறதே, அந்தப் பாட்டா நிறுவனத்தின் தாய்வீடு! 1934இல் கல்கத்தாவை அடுத்து எழுந்த பாட்டா நகரும் அதன் கிளையே. பள்ளிக்குப் பாட்டா செருப்பணிந்து சென்ற நம்மில் எவர்க்கேனும், அதே நிறுவனத்தில் தூசி தின்று வேலை செய்த ஒரு பையன் உலகை வென்றான் என்பது தெரியுமோ?

பகலில் தொழிற்சாலை, மாலையில் தொழிற்கல்வி வகுப்பு. இதுதான் அவருடைய இளமை. ஓட்டத்தின் மீது அவருக்கு எவ்வித ஆசையும் இருந்ததில்லை. 1941இல் ஊரில் ஒரு பந்தயம் நடந்தது. தொழிற்சாலையின் விளையாட்டுப் பொறுப்பாளர் நான்கு பையன்களைச் சுட்டிக்காட்டி, ஓடியே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டார். தாம் பலவீனன் என்று எமில் மறுத்துப் பார்த்தார். மருத்துவரிடம் அனுப்பினார்கள், அவரோ உடலில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்! வேறு வழியின்றி ஓடியவர், ஏறத்தாழ நூறு பேர் ஓடிய பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். அன்று பிடித்தது ஓட்டம். பிறகு அவரை விடவேயில்லை. நாடு அப்போது ஹிட்லரின் படையினர் வசம் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். போரும் பஞ்சமும் சூழ்ந்த அந்நாளில்தான் ஓர் இளைஞன் ஓட்டத்தைப் பற்றித் தானே சிந்திக்கத் தொடங்கினான்.

இங்குதான் நம் கதையின் கரு இருக்கிறது. அக்காலத்தில் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் நெடுந்தொலைவே ஓடிப் பழகினர். 5,000 மீட்டர் பந்தயமா, அதற்கு மேலும் சற்றுத் தொலைவு ஒரே சீராக ஓடு, அவ்வளவுதான் பயிற்சி. எமில் அதை ஏற்கவில்லை. மெதுவாக ஓடத் தமக்கு ஏற்கெனவே தெரியும்; தெரியாதது வேகமாக ஓடுவதுதான்; தெரியாததை அல்லவா கற்கவேண்டும் என்று அவர் எண்ணினார். பின்லாந்தின் பாவோ நூர்மி, ஒலிம்பிக்கில் 9 தங்கம் வென்ற பெருவீரர், பயிற்சியில் 400 மீட்டரை விரைவாகச் சிலமுறை ஓடுவார் என்று எமில் கேள்விப்பட்டிருந்தார். நான்கு முறை ஓடிய நூர்மிக்கு அவ்வளவு பயன் என்றால் அதைப் பெருக்கினால் என்ன? 100 மீட்டர் விரைவு, பிறகு மெல்லோட்டம், மறுபடி விரைவு. இப்படித் துண்டு துண்டாக ஓடலானார். தோழர்கள் சிரித்தார்கள். நெடுந்தொலைவுக்காரன் குறுந்தொலைவுக்காரனைப் போலப் பழகுகிறானே, பித்துப் பிடித்ததோ என்றார்கள். 1944இல் அவர் 2,000, 3,000, 5,000 மீட்டர் மூன்றிலும் தேசிய சாதனைகளை முறியடித்தபோது சிரிப்பு அடங்கியது.

இந்தத் துண்டு போடும் தந்திரத்தைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். ஒருவனால் பந்தய வேகத்தில் தொடர்ந்து எட்டு நிமிடம்தான் ஓட முடியும் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் நிமிடத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுவான். அன்றையப் பயிற்சி அதோடு முடிந்தது. அதே வேகத்தை ஒன்றரை நிமிடத் துண்டுகளாக்கி, நடுவில் ஒரு நிமிடம் மெல்ல ஓடவிட்டால்? அதே மனிதன் பத்துத் துண்டு ஓடிவிடுவான். பதினைந்து நிமிடம் அந்த வேகத்தில் உடல் வேலை செய்துவிட்டது! வேகத்தையும் கைவிடவில்லை, அளவையும் கைவிடவில்லை. எங்கள் பேட்டைக்காரர்களுக்கு எளிதில் விளங்கும்படிச் சொன்னால், பாவும் ஊடையும் போன்றவை இவை. பாவு மட்டும் நீளமாகப் பூட்டிவைத்தால் அது துணியாகுமா? ஊடையை மட்டும் வைத்துக்கொண்டு எதில் நெய்வது?

இம்முறையை எமில்தான் முதன்முதலில் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மையன்று. ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர், ரைன்டெல் என்ற இதய மருத்துவருடன் சேர்ந்து, இதே போன்றதொரு முறையை நாடித்துடிப்பைக் கணக்கிட்டு வகுத்தவர். அவருடைய மாணவர் ருடால்ப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலகைத் திகைக்க வைத்தார். கெர்ஷ்லரின் விதி எளியது. ஓடும் துண்டு நாடியை நிமிடத்திற்கு 180 அளவுக்கு ஏற்றவேண்டும். நிறுத்தியபின் 90 விநாடிக்குள் அது 120க்கு இறங்கவேண்டும். இறங்காவிட்டால் அன்றைக்குப் பயிற்சி போதும், வீட்டுக்குப் போகலாம். ஆய்வுக்கூடம் இல்லாத எமில் இதைத் தம் உடலைக் கேட்டே செய்தார். பயிற்சியில் அவர் பெரும்பாலும் கடிகாரம் பார்த்ததில்லை.

போர் முடிந்ததும் எமில் இராணுவத்தில் சேர்ந்தார். அங்கே அவர் பயின்ற விதம் கதைபோல் இருக்கும். கனத்த இராணுவப் பூட்சுகளை மாட்டிக்கொண்டு காட்டில் ஓடினார், பனியில் ஓடினார், பகலில் கடமை இருந்தால் இரவில் கையில் விளக்குப் பிடித்துக்கொண்டு ஓடினார். வேலைக்கு நடந்து போகையில் வழியிலுள்ள மரங்களை எண்ணி, இத்தனையாவது மரம் வரை மூச்சை அடக்குவது என்று நாள்தோறும் ஒரு மரம் கூட்டிக்கொண்டே போய் ஒருநாள் மயங்கி விழுந்தார் என்பர். இதையெல்லாம் கேட்டு நம் தம்பிமார் யாரும் மூச்சடக்கி விழுந்துவிட வேண்டாம்! மூச்சடக்கியதால் அவர் வெல்லவில்லை. அப்படிச் செய்தும் வென்றார் என்பதே என் கருத்து.

1946இல் ஆஸ்லோவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 5,000 மீட்டரில் ஐந்தாம் இடம் பெற்றார். 1948இல் இலண்டன் ஒலிம்பிக். அப்போது அவருடைய அன்றாடப் பயிற்சி 200 மீட்டர் 5 முறை, 400 மீட்டர் 20 முறை, மறுபடி 200 மீட்டர் 5 முறை, நடுநடுவே 200 மீட்டர் மெல்லோட்டம் என்பதாக இருந்தது. 10,000 மீட்டருக்கு அவர் வகுத்த திட்டம் ஒரு சுற்றுக்கு 71 விநாடி. 25 சுற்றையும் அப்படி ஓடினால் அன்றைய உலக சாதனைக்குச் சமமாகும். பயிற்சியில் 400 மீட்டர் துண்டுகளையே ஆயிரக்கணக்கில் ஓடிய கால்களுக்கு அந்தச் சுற்றின் வேகம் மனப்பாடமாகியிருந்தது. வெயிலிலும் முன்னேறிச் சென்று 29 நிமிடம் 59.6 விநாடியில் தங்கம் வென்றார். சாதனையாளரான பின்லாந்தின் ஹெயினோ பாதியிலேயே விலகிவிட்டார். 5,000 மீட்டரில் மட்டும், கடைசிச் சுற்றில் வெகுதூரம் பின்தங்கியிருந்து பாய்ந்து வந்தும், பெல்ஜியத்தின் ரீஃப் என்பவரிடம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கில் தங்கத்தை இழந்தார்.

அவ்வாண்டே டானா என்ற ஈட்டி எறியும் வீராங்கனையை மணந்தார். இருவரும் ஒரே ஆண்டு, ஒரே மாதம், ஒரே நாளில் பிறந்தவர்கள். இத்தகைய பொருத்தத்தை எந்தச் சோதிடர் பார்த்துச் சொன்னாரோ!

1950ஆம் ஆண்டு நிகழ்ந்தது ஒன்று, இந்த அளவு-வேக வழக்கில் மிக முக்கியமான சாட்சி. அவ்வாண்டு எமில் மிகக் கடுமையாகப் பயின்றுகொண்டிருந்தார். பிரஸ்ஸல்ஸ் ஐரோப்பியப் போட்டிக்குச் சற்று முன்பு உணவு நஞ்சாகி மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. போட்டிக்குச் சில நாள் இருக்கையில்தான் வெளியே வந்தார். பயிற்சி போயிற்று, பதக்கமும் போயிற்று என்றே பலர் நினைத்தனர். அவரோ 10,000 மீட்டரில் ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று முன்னதாக வென்றார். 5,000 மீட்டரில் இருபது விநாடிக்கும் மேலான இடைவெளியில் வென்றார். படுத்துக் கிடந்த நாட்களில் உடல் வீணாகவில்லை. அதுவரை செய்த உழைப்பைச் செரித்துக்கொண்டிருந்தது. இன்று விளையாட்டு அறிவியலில், பந்தயத்திற்கு முந்தைய இரண்டு வாரம் பயிற்சியைக் குறைத்துக்கொள்வது ஒரு விதியாகவே ஆகிவிட்டது. அதை விளக்குவோர் இந்நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு. பானிஸ்டர் கதையிலும் இதே சங்கதி வருகிறது. அவர் கால் மைலைப் பத்து முறை, இரண்டிரண்டு நிமிட ஓய்வுடன் ஓடி, ஒவ்வொன்றையும் 60 விநாடிக்குள் கொண்டுவர மாதக்கணக்கில் முயன்றார். 61 விநாடியில் வண்டி நின்றுவிட்டது. சலித்துப்போய் ஸ்காட்லாந்து மலைகளில் ஏறச் சில நாள் போய்விட்டார். திரும்பி வந்து ஓடினால் 59! அளவும் அன்று, வேகமும் அன்று. மூன்றாவதாக ஓய்வு என்று ஒன்று இருக்கிறது. இரவில் தறியோட்டிவிட்டு உறங்காமல் மைதானத்திற்கு வரும் நண்பர்கள் இப்பகுதியை இருமுறை படிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

1951 செப்டம்பரில் ஒரு மணி நேரத்தில் 20,052 மீட்டர் ஓடினார் எமில். மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற எல்லையைக் காலால் கடந்த முதல் மனிதர் என்ற பெயர் அவருக்குக் கிட்டியது. நம்மூர் வீதியில் மிதிவண்டி போகும் வேகத்தைவிட இது அதிகம்.

பிறகு வந்தது 1952, ஹெல்சிங்கி. புறப்படும்போதே ஒரு சோதனை. யுங்விர்ட் என்ற இளம் ஓட்டக்காரரின் தந்தை அரசியல் கைதியாக இருந்ததால், அவர் பெயரை அணியிலிருந்து அரசாங்கம் நீக்கியது. யுங்விர்ட் வராவிட்டால் தாமும் வரப்போவதில்லை என்று எமில் விமானம் ஏற மறுத்துவிட்டார். அன்றைய ஆட்சியில் அது விளையாட்டன்று. சிறைக்கும் வழி காட்டக்கூடியது. அதிகாரிகள் இறங்கி வந்தனர். இருவரும் சேர்ந்தே பின்லாந்து போய்ச் சேர்ந்தனர். அங்கே தொடக்க விழாவில் ஒலிம்பிக் சுடருடன் மைதானத்திற்குள் ஓடி வந்தவர் யார்? அதே பாவோ நூர்மி!

ஜூலை 20ஆம் நாள் 10,000 மீட்டரில் தங்கம். நேரம் 29 நிமிடம் 17 விநாடி. ஜூலை 24ஆம் நாள் 5,000 மீட்டர். கடைசிச் சுற்று மணி அடித்தபின் எமில் முந்தப்பட்டு நான்காவதாகப் போய்விட்டார். முன்னால் இங்கிலாந்தின் சாட்டவே, ஜெர்மனியின் ஷாடே, பிரான்சின் மிமூன். கடைசி வளைவில் முகத்தைக் கோணிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, நெஞ்சில் ஈட்டி பாய்ந்தவர் போல் தோன்றும் அவருக்கே உரிய கோலத்தில் மூவரையும் தாண்டினார். சாட்டவே ஓரக் கட்டையில் கால் தடுக்கி விழுந்தார். அந்தச் சுற்றை எமில் 58 விநாடிக்கும் குறைவாக ஓடினார். இருபது துண்டு ஓடியபின் இருபத்தோராம் துண்டையும் விரைந்து ஓடப் பழகிய கால்களுக்கல்லவோ அது கைகூடும்! சற்று நேரத்தில் அதே மைதானத்தில் டானா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். கணவனும் மனைவியும் ஒரே நாளில் ஆளுக்கொரு தங்கம்!

ஜூலை 27ஆம் நாள் மாரத்தான். எமில் அதுவரை வாழ்நாளில் ஒரு மாரத்தானும் ஓடியதில்லை. உலகின் சிறந்த நேரத்திற்கு உரியவரான இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்சைப் பார்த்து ஓடினால் போதும் என்று அவர் பக்கத்திலேயே ஓடினார். பாதி வழியில், நாம் ஓடும் வேகம் சரிதானா என்று பீட்டர்சிடமே கேட்டார். பீட்டர்ஸ், அவரைக் குழப்பிவிடும் எண்ணத்துடனோ என்னவோ, வேகம் போதாது என்றார். எமில் அதை நம்பி முன்னே போய்விட்டார்! பீட்டர்ஸ் பிற்பாதியில் தசை பிடித்துக் கீழே விழுந்தார். எமில் 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடியில், இரண்டாம் இடத்தவரைவிட இரண்டரை நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்தார். ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்றையும் வென்றவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நம் நாட்டின் சூரத் சிங் மாத்தூரும் அன்று அம்மாரத்தானில் ஓடி, மூன்று மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் முடித்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

இந்தப் புகழுக்குப் பிறகு உலகமெங்கும் இளைஞர்கள் எமிலின் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினர். என் கருத்தில் வழக்கு கெட்டுப்போனது இங்குதான். 40 முறை, 60 முறை, 100 முறை என்ற எண்களை எல்லோரும் பார்த்தார்கள்; அவ்வெண்கள் எத்தனை ஆண்டில் ஏறின என்பதைப் பார்க்கவில்லை. ஸ்லின் நகரத்துப் பையன் சிறுசிறு துண்டு ஓடத் தொடங்கியதற்கும், இராணுவ அதிகாரி 100 துண்டு ஓடியதற்கும் நடுவே பத்தாண்டுக்கு மேல் கிடக்கிறது. எண்ணிக்கை ஏற ஏற ஒவ்வொரு துண்டின் வேகத்தையும் அவர் தளர்த்திக்கொண்டார் என்பதையும் பலர் கவனிக்கவில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனவர்களின் கணுக்காலிலும் முன்னங்கால் எலும்பிலும் வலி கண்டு, தேர்வு நாளில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

எமிலுக்கு எதிர்க்கட்சிபோல் ஒருவர் நியூசிலாந்தில் தோன்றினார். ஆர்தர் லிடியார்ட் என்பது பெயர். வியப்பு என்னவென்றால் அவரும் ஒரு காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி! தம் உடலையே சோதனைக் கூடமாக்கி, வாரத்திற்கு 100 மைல் நிதானமாக ஓடுவதே அடித்தளம் என்றும், வேகப் பயிற்சி அதன்மேல் கடைசியில் சில வாரம் வைக்கும் கூரை என்றும் அவர் கண்டார். அவருடைய மாணவர்களுள் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும் ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே பிற்பகலில் தங்கம் வென்றனர். ஆக, அளவுக்கட்சியும் தங்கம் வாங்கியது. வேகக்கட்சியும் தங்கம் வாங்கியது.

பின்னர் வந்த அறிவியல் அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்? நார்வேயில் வாழும் ஸ்டீபன் சைலர் என்னும் ஆராய்ச்சியாளர், உலகின் சிறந்த படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் ஆகியோரின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, ஐந்தில் நான்கு பங்கு பயிற்சி பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெல்லிய வேகத்திலும், ஒரு பங்கு மட்டுமே கடுமையாகவும் அமைந்திருக்கக் கண்டார். ஆனால் அவர்கள் வாரத்திற்குப் பத்து முறைக்கு மேலும் பயில்பவர்கள். அதே நார்வேயில் 2007இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஓரளவு பழகிய 40 பேரை நான்கு குழுவாக்கி வாரம் 3 நாள் வீதம் 8 வாரம் ஓடவிட்டனர். எல்லாக் குழுவும் செய்த மொத்த வேலை ஒன்றே. நான்கு நிமிடக் கடும் ஓட்டத்தை நான்கு முறை ஓடிய குழுவுக்கு, உடல் பிராணவாயுவை ஏற்கும் திறன் சுமார் 7 விழுக்காடு உயர்ந்தது. மெதுவாக நெடுநேரம் ஓடிய குழுவுக்குச் சொல்லத்தக்க உயர்வு இல்லை. வாரத்தில் மூன்று நான்கு மணி நேரமே கிடைக்கும் அமெச்சூருக்கு எல்லாவற்றையும் மெதுவாகவே ஓடுவது போதாது என்பது இதிலிருந்து புலப்படும். மூன்று நாளும் கடுமையாக ஓடினால் தாங்குமா என்றால், எட்டு வாரம் தாங்கியது. ஆண்டு முழுவதும் தாங்குமா என்று அந்த ஆய்வு கேட்கவில்லை.

காவலர் தேர்வுக்கு ஓடும் என் நண்பர்களிடம் நான் கணக்காகச் சொல்வது இதுதான். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க 400 மீட்டர் சுற்றுக்கு 112 விநாடி ஆகவேண்டும். வாரத்தில் ஒரு நாள், தெம்பு இருந்தால் இரண்டு நாள், எமிலைப் போல் அந்தச் சுற்றைத் துண்டாக்கி 105 விநாடி அளவில் ஐந்தாறு முறை ஓடலாம். நடுவில் 200 மீட்டர் நடையோ மெல்லோட்டமோ இருக்கட்டும். மற்ற நாட்களில் பக்கத்தில் ஓடுபவரிடம் வீட்டுக்கதை பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். இரவு வேலை முடித்து வந்த நாளில் துண்டு ஓட்டம் வேண்டவே வேண்டாம். இதைக் கேட்டுச் சிலர் ஒப்புகிறார்கள். தினமும் நாக்கு தள்ளும்படி ஓடாவிட்டால் ஓடினதாகவே தோன்றவில்லை என்று சிலர் மறுக்கிறார்கள். காலில் நல்ல பூட்சு இல்லையே என்று குறைப்படுவோரும் உண்டு. அவர்களுக்குச் சிவநாத் சிங்கின் பெயரை நினைவூட்டுவேன். வெறுங்காலுடன் ஓடிப் பெயர்பெற்ற அந்த இராணுவ வீரர் 1978இல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அந்த இந்தியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது.

எமிலின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1948 முதல் 1954 வரை 10,000 மீட்டரில் தொடர்ந்து 38 பந்தயங்களில் வென்றவரை அதன்பின் இளையவர்கள் முந்தத் தொடங்கினர். பயிற்சியை மேலும் கடுமையாக்க மனைவியைத் தோளில் சுமந்துகொண்டு ஓடினார் என்பர். 1956இல் குடலிறக்க நோய்க்கு அறுவை செய்துகொள்ள நேர்ந்தது. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியும் கேளாமல் சில வாரங்களிலேயே மெல்போர்ன் சென்று மாரத்தான் ஓடி ஆறாவதாக வந்தார். வென்றவர் அவரிடம் பல ஆண்டு தோற்றுத் தோற்று இரண்டாமிடமே பெற்றுவந்த மிமூன். எமில் நிமிர்ந்து நின்று இராணுவ முறையில் மிமூனுக்கு வணக்கம் செலுத்தினார். பின்பு இருவரும் தழுவிக்கொண்டனர்.

1966இல் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் பிராக் நகருக்கு வந்தார். 10,000 மீட்டரை 28 நிமிடத்திற்குள் ஓடிய முதல் மனிதர். உலக சாதனைகள் பல உடையவர். ஆனால் ஒலிம்பிக் தங்கம் ஒன்றேனும் கிட்டாதவர். விமான நிலையத்தில் எமில் அவர் கையில் ஒரு சிறு பொட்டலத்தைத் திணித்து அனுப்பினார். கிளார்க் பிறகு பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது, 1952 ஹெல்சிங்கியில் எமில் வென்ற 10,000 மீட்டர் தங்கப் பதக்கம்.

1968இல் செக்கோஸ்லோவாக்கியாவில் சீர்திருத்தம் கோரி எழுந்த இயக்கத்தில் எமில் வெளிப்படையாகக் கலந்துகொண்டார். சோவியத் டாங்கிகள் பிராக் நகரில் நுழைந்தபின் கட்சியிலிருந்தும் இராணுவத்திலிருந்தும் நீக்கப்பட்டார். உலகப் புகழ்பெற்ற வீரர், வீட்டைவிட்டுத் தொலைவில், மண்ணைத் துளையிட்டு ஆராயும் தொழிலாளர் குழுவில் கூலியாளாக ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார். 1971இல் ஆட்சியாளர்களின் நெருக்குதலுக்கு இணங்கித் தம் பழைய கருத்துகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பதைக் குறையாகச் சொல்வோர் அவர் நாட்டிலேயே உண்டு. அந்த நெருக்குதலைத் தாங்காத நமக்கு அதை எடைபோட உரிமை குறைவு. ஆட்சி மாறியபின் 1990இல் அவருடைய மதிப்பு அவருக்கு மீட்டளிக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து அந்த நாடே செக், ஸ்லோவாக்கியா என இரண்டாகப் பிரிந்தது.

2000ஆம் ஆண்டு நவம்பரில், தம் 78ஆம் வயதில், எமில் ஜாடோபெக் பிராக் நகரில் காலமானார். ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் தங்கம் வென்ற டானா, அவருக்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்து, 2020 மார்ச் மாதத்தில் மறைந்தார்.